ஓடு மாற்ற யார் காசு கொடுப்பது?

கண்டி நகரின் பழைய கட்டடங்களைப் பாதுகாக்க வேண்டும் என்று அடிக்கடி பேசப்படுகிறது. கருத்தரங்கு நடக்கிறது, அறிக்கை வருகிறது, பத்திரிகையில் படம் வருகிறது. அந்தப் பேச்சில் தலதா மாளிகை இருக்கிறது, ராஜாவின் அரண்மனை இருக்கிறது, குளம் இருக்கிறது, குயின்ஸ் ஹோட்டலும் இருக்கிறது. ஆனால் காலையில் பலகை கழற்றி இரவில் பலகை போடும் எமது கடைகளைப் பற்றி ஒரு வரியும் இருப்பதில்லை. யட்டிநுவர வீதியிலும் கொழும்பு வீதியிலும் கொட்டுகொடெல்ல வீதியிலும் நடந்து பாருங்கள். அங்கே மிஞ்சி நிற்கும் பழைய கட்டடங்கள் பெரும்பாலும் கடைகள்தான். அவற்றில் பல கடைகளுக்குள் உட்கார்ந்து வியாபாரம் செய்பவர் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அல்ல, வாடகைக்காரர். நானும் அப்படி ஒரு வாடகைக்காரன்தான்.

ஆகவே இந்த வாரம் ஒரு வியாபாரியின் கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்ற யார் காசு கொடுப்பது? இதற்குப் பதில் சொல்லாத எந்தப் பாதுகாப்புத் திட்டமும் எமது வீதிகளில் நிலைக்காது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கண்டி புனித நகரம் 1988 ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. எமது நாட்டுச் சட்டமோ அதைவிடப் பழையது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதியை எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியது புராதனம். அந்தத் திகதி கண்டிக்காரருக்குப் புதிதல்ல. மகுல் மடுவையில் பிரித்தானியருடன் ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்குப் பிந்திய கட்டடமானால், நூறு வருடம் பூர்த்தியான பின் வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்கலாம்.

எமது கடைக் கட்டடங்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த எல்லைக்குப் பிந்தியவை. கோப்பிக் காலத்தில், 1867 இல் ரயில் கண்டிக்கு வந்ததன் பிறகு, பின்னர் தேயிலைக் காலத்தில் என்று எழுந்தவை பல. இவற்றை வர்த்தமானியில் அறிவித்தாலும் சரி, நகர அபிவிருத்தி அதிகார சபையும் மாநகர சபையும் இடிக்க அனுமதி மறுத்தாலும் சரி, சட்டம் செய்யக்கூடியது ஒன்றுதான். 'கை வைக்காதே' என்று அது சொல்லும். உடைந்த ஓட்டை மாற்ற அது ஏணியில் ஏறாது. இடிக்காமல் விட்ட கட்டடம் தானாக விழுவதை எந்த வர்த்தமானியாலும் தடுக்க முடியாது.

இந்தக் கட்டடங்கள் எமக்கு ஏன் முக்கியம் என்று சிலர் கேட்கலாம். கண்டி ராஜாக்களின் காலத்திலேயே முஸ்லிம்கள் இந்த மலைநாட்டில் இருந்தார்கள். மடிகே என்ற போக்குவரத்துப் பிரிவில் சேவை செய்தவர்கள், தவளம் மாடுகளில் உப்பும் கருவாடும் துணியும் மேலே கொண்டுவந்து, பாக்கைக் கீழே கரைக்குக் கொண்டுபோனவர்கள் எமது முன்னோர். மாட்டுத் தடம் மழையோடு போய்விட்டது. மடிகேயும் போய்விட்டது. அதற்குப் பின் வந்த தலைமுறைகள் இந்த நகரில் வியாபாரம் செய்தார்கள் என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சாட்சி இந்தக் கடைகள்தான். ஒரு சமூகம் ஓர் ஊரில் எவ்வளவு காலம் வாழ்ந்தது என்ற கேள்வி எழும்போது, வாய்ப் பேச்சைவிடச் செங்கல் சுவர் உறுதியாகப் பதில் சொல்லும்.

இனிப் பேராதனைப் பக்கம் போவோம். கண்டி ராஜாவின் நகரம் மட்டுமல்ல, பல்கலைக்கழக நகரமும்கூட. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952 இல் பேராதனைக்கு வந்தது. 1954 இல் எலிசபெத் மகாராணியார் நேரில் வந்திருந்தபோது அது உத்தியோகபூர்வமாகத் திறக்கப்பட்டது. பற்றிக் அபர்குரொம்பி வளாகத்தின் திட்டத்தை வகுத்தார். கட்டடக் கலைஞர் ஷெர்லி டி அல்விஸ் எமது நாட்டுப் பழைய கட்டட மரபைப் பார்த்துத் தூணும் கூரையும் அமைத்தார். பௌத்த விகாரை, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் நான்குக்கும் அந்த வளாகத்தில் இடமுண்டு. எமது பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே படித்து வெளியேறியிருக்கிறார்கள்.

அந்தக் கட்டடங்களுக்கு நூறு வயதாக 2050 கள் வரவேண்டும். வயதில் அவை எமது கடைகளுக்குத் தம்பிமார். ஆனால் அவற்றின் கூரையையும் எமது கூரையையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். காரணம் மிகவும் எளிது. அங்கே சொந்தக்காரர் ஒருவர், பாவிப்பவரும் அவரே. ஓடு உடைந்தால் யாரிடம் சொல்வது என்று தெரியும். பராமரிப்புக்கு ஒரு பிரிவும் ஒரு நிதி ஒதுக்கீடும் இருக்கின்றன. போதுமா போதாதா என்பது வேறு விடயம். எமது கடையில் சொந்தக்காரர் ஒருவர், பாவிப்பவர் இன்னொருவர், அனுமதி கொடுப்பவர் மூன்றாமவர். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மழை மட்டும் யாரையும் பார்க்காமல் பெய்கிறது.

இந்த நிலைமை எப்படி வந்தது? 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் பலருக்கும் தெரிந்தது. எல்லாக் கடைக்கும் அது பொருந்தாது. ஆனால் பழைய, குறைந்த மதிப்பீடுள்ள கடைகளை அது பிடித்தது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது, வாடகைக்காரரை இஷ்டத்துக்கு எழுப்ப முடியாது, அவர் காலமானால் குடும்பத்தார் தொடரவும் வழியுண்டு. சிறு வியாபாரிக்கு அது பெரிய பாதுகாப்பாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் எம்மில் பலர் இந்த வீதியில் இன்று இருந்திருக்க மாட்டோம். சட்டத்தை மாற்ற வேண்டும் என்ற பேச்சும் பல வருடங்களாக இருந்து வந்திருக்கிறது. நான் அந்த விவாதத்துக்குள் போகவில்லை. அந்தப் பாதுகாப்பின் நிழலில் கூரைக்கு என்ன நடந்தது என்பதே என் கேள்வி.

உதாரணமாக ஒரு கணக்கை எடுப்போம். ஒரு பழைய கடையின் மாத வாடகை 1,500 ரூபா என்று வையுங்கள். வருடத்துக்கு 18,000 ரூபா. கூரையைக் கழற்றி, உக்கிய கைமரமும் ரீப்பையும் மாற்றி, ஓடு வேய 900,000 ரூபா செலவாகும் என்று வையுங்கள். அதாவது 50 வருட வாடகை. எந்தச் சொந்தக்காரர் அதைச் செய்வார்? அவர் வியாபாரி புத்தி உள்ளவரானால் என்ன செய்வார் என்று எமக்குத் தெரியும். ஒன்றும் செய்யாமல் இருப்பார். கட்டடம் விழுந்தால் காணி அவருக்கு மிஞ்சும்.

வாடகைக்காரரும் தன் பக்கக் கணக்கைப் போடுகிறார். 'கட்டடம் என்னுடையதல்ல, நான் ஏன் என் காசைப் போட வேண்டும்?' அதுவும் நியாயம்தான். ஆனால் அவர் முகப்புக்குக் காசு போடுவார். பலகையைக் கழற்றிவிட்டு ரோலர் கதவு போடுவார். மேல் மாடியின் மரக் கிராதியை மறைத்து அலுமினியத் தகடு அடிப்பார். அதன் மேல் இருபது அடிக்குப் பெயர்ப் பலகை வைப்பார். வெளியே பார்த்தால் கடை புதிது. உள்ளே ஓடு அதே ஓடு, ஒழுக்கு அதே ஒழுக்கு.

எங்கள் வரிசையில் சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு துணிக்கடையின் பின்சுவர் ஈரம் குடித்து வயிறு தள்ளி நின்றது. கடைக்காரர் எனக்கு இளையவர். "தம்பி, சொந்தக்காரரோடு பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொன்னேன். "நானா, நான் வாய் திறந்தா அவர் வாடகையக் கூட்டிக் கேப்பார். இந்த வாடகைக்கு வேற எங்க கடை கிடைக்கும்?" என்றார். சொந்தக்காரரும் பேச வரவில்லை. ஒரு மழை இரவில் பின்சுவர் சரிந்தது. அல்லாஹ்வின் காவல், உள்ளே ஆள் இல்லை. பெருநாளுக்கு எடுத்து வைத்திருந்த சரக்கு எல்லாம் சேறாகிப் போனது. ஆபத்தான கட்டடம் என்று மூடும்படி அறிவித்தல் ஒட்டப்பட்டது. கடைக்காரர் ஒரு சந்துக்குள் சின்ன அறை எடுத்தார். அதற்கு அவர் கட்டிய வாடகை பழையதைவிடப் பல மடங்கு. கீ மணி வேறு. குறைந்த வாடகையால் அவர் வருடக்கணக்காகச் சேமித்தது ஒரே மழையில் போய்விட்டது.

இதுதான் நான் சொல்ல வருவது. குறைந்த வாடகை எமக்கு இலாபம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது நாம் கூரையிடம் வாங்கிய கடன். கட்டடம் நிற்கும்வரைதான் வாடகை உரிமையும் நிற்கும்.

எமது சமூகத்துக்கு இதில் இன்னொரு பக்கமும் உண்டு. சில கடைகள் பள்ளிவாசலுக்கு வக்பு செய்யப்பட்டவை. முன்னோர் ஒருவர் 'இதன் வருமானம் பள்ளிக்கு' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். வக்பு சொத்தின் வருமானத்தில் முதல் செலவு அந்தச் சொத்தின் பராமரிப்பு என்பது மார்க்கச் சட்ட நூல்கள் சொல்லும் ஒழுங்கு. சொத்து அழிந்தால் வக்பு செய்தவரின் நோக்கமும் அழிந்துவிடும் அல்லவா? 1956 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டப்படி வக்பு சபையும் நம்பிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் வக்புக் கடையில் பழைய வாடகைக்கு இருப்பவர்கள் நாங்களே. ஜும்ஆவுக்கு முன் வரிசையில் உட்கார்ந்து, பள்ளியின் கடைக்கு ஒரு தேநீர்ச் செலவுக்கும் காணாத வாடகை கொடுக்கிறவர்கள் எம்மிடையே இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

'அப்படியானால் வாடகையைச் சந்தை விலைக்கு விட்டுவிடலாமே' என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் மலேசியாவின் பினாங்கைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு பல்கலைக்கழகம் 1969 முதல் இருக்கிறது. ஜோர்ஜ் டவுன் கடை வரிசைகளில் தமிழ் பேசும் முஸ்லிம் வியாபாரிகள் இருநூறு வருடத்துக்கு மேல் வியாபாரம் செய்திருக்கிறார்கள். கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் அவர்கள் எழுப்பியது. அங்கே 1966 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கடைகளைக் காத்தது. அதே வேளை பழுதுபார்க்க யாரும் இல்லாத நிலையையும் உண்டாக்கியது. எமது கதைதான். அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 ஜனவரி முதல் கட்டுப்பாடு இல்லாமல் போனது. வாடகை ஒரேயடியாக ஏறியது. தலைமுறையாக இருந்த குடும்பங்களும் சிறு தொழிலாளரும் வெளியேறினார்கள். 2008 இல் யுனெஸ்கோ பட்டியலில் நகரம் சேர்ந்தது. பல கட்டடங்கள் அழகாகத் திருத்தப்பட்டு ஹோட்டலும் கோப்பிக் கடையும் ஆகின. கட்டடம் பிழைத்தது, கடைக்காரர் போய்விட்டார்.

அங்கே பிறகு ஒரு நல்ல காரியமும் நடந்தது. 2009 இல் திங்க் சிட்டி என்ற நிறுவனம் மலேசிய அரசின் முதலீட்டு நிதியத்தால் தொடங்கப்பட்டது. பழைய கட்டடத்தைத் திருத்தும் சொந்தக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் செலவில் ஒரு பங்கை மானியமாக அது கொடுத்தது. அந்த உதவி பத்து வருடத்துக்கு முன்பே வந்திருந்தால் எத்தனையோ பேர் தங்கியிருப்பார்கள்.

பினாங்கு வரை போகவும் தேவையில்லை. காலிக் கோட்டையும் 1988 இல்தான் உலக மரபுரிமை ஆனது. அங்கே பழைய வீடுகள் நல்ல விலைக்குக் கைமாறின. எமது சகோதரர்களின் குடும்பங்கள் பல கோட்டைக்கு வெளியே குடியேறின. விற்றவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. பழுதுபார்க்கப் பணமில்லாத வீட்டுக்குக் கோடிக்கணக்கில் விலை வந்தால் யார்தான் யோசிக்க மாட்டார்? ஆனால் சுவர் காப்பாற்றப்பட்டு ஆட்கள் இல்லாமல் போவதும் ஓர் இழப்புத்தான். கண்டியில் இரண்டும் நிற்க வேண்டும் என்றால் இப்போதே ஏற்பாடு செய்ய வேண்டும்.

என்ன ஏற்பாடு? எனது யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, வாடகைக்காரர் தானாக முன்வர வேண்டும். மேலே சொன்ன கடையையே எடுப்போம். மாதம் 1,500 ரூபாவுக்குப் பதிலாக 15,000 ரூபா கொடுக்கிறோம் என்று சொல்லுங்கள். அதில் 1,500 சொந்தக்காரருக்கு. மீதி 13,500 இருவர் கையொப்பமும் தேவைப்படும் ஒரு வங்கிக் கணக்குக்கு. அந்தப் பணம் திருத்த வேலைக்கு மட்டும். வருடத்துக்கு 162,000 ரூபா சேரும். 900,000 ரூபா ஐந்து வருடம் ஏழு மாதத்தில் நிரம்பும். ஆனால் கூரை முழுவதையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதல் வருடம் பின்பக்கம், அடுத்த வருடம் நடுப்பகுதி என்று செய்யலாம். இதற்குப் பதிலாக நாம் கேட்க வேண்டியது ஒன்று: நொத்தாரிசு முன் எழுதிப் பதிவு செய்த பத்து வருடக் குத்தகை. பழைய உரிமையை விட்டுப் புதிய ஒப்பந்தம் எழுதும் முன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டாமல் கையொப்பம் வைக்க வேண்டாம். வாய் வார்த்தையை நம்பிக் கூட்டிக் கொடுத்தால் வாடகையும் கூடும், கூரையும் ஒழுகும்.

இரண்டாவது, வக்புக் கடைகளின் நம்பிக்கையாளர்கள் ஒரு தாளில் கணக்கு எழுதிப் பள்ளிப் பலகையில் ஒட்ட வேண்டும். எந்தக் கடை, என்ன வாடகை, கடைசியாக எப்போது பழுதுபார்த்தது. பெயர் தேவையில்லை. இந்த மூன்று விபரமும் போதும், ஜமாஅத் தானே பேசும்.

மூன்றாவது, மாநகர சபை. கட்டடத்தைத் திருத்தினால் மதிப்பீடு ஏறி, ஆதன வரியும் ஏறும் என்ற பயம் சொந்தக்காரருக்கு உண்டு. பழைய வடிவத்திலேயே திருத்தும் கட்டடத்துக்குப் பத்து வருடம் மதிப்பீட்டை ஏற்றுவதில்லை என்று சபை தீர்மானித்தால் அந்தப் பயம் போகும். சபைக்கு இப்போது வரும் வருமானத்தில் ஒரு சதமும் குறையாது.

நான்காவது, பல்கலைக்கழகம். பேராதனையில் பொறியியல் பீடம் இருக்கிறது, தொல்லியல் துறை இருக்கிறது. மாணவர்கள் கடைத் தெருவுக்கு வருகிறார்கள், போட்டோ கொப்பி எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், துணி வாங்குகிறார்கள். கொஞ்சம் தலையை உயர்த்தி எமது கூரையையும் பார்க்கட்டும். ஒவ்வொரு பழைய கடையையும் அளந்து, படம் எடுத்து, 'இந்தச் சுவர் பலமானது, இந்த வளை ஆபத்தானது' என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் அது அவர்களுக்குப் படிப்பு, எமக்குப் பாதுகாப்பு. வர்த்தகச் சங்கம் ஒன்று கடிதம் எழுதிக் கேட்டால் இது நடக்க முடியாத காரியம் அல்ல.

'2022 நெருக்கடிக்குப் பிறகு சீமெந்து, மரம், கூலி எல்லாம் எங்கேயோ போய்விட்டது, கையில் காசில்லாத நேரத்தில் பழைய சுவரைப் பற்றிப் பேசுகிறாரே' என்று சிலர் நினைக்கலாம். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். பெரிய வேலைக்குக் காசில்லை என்றால் சின்ன வேலையைச் செய்யுங்கள். நான் என் கடையில் செய்வது நான்கு காரியங்கள். மழைக்கு முன் பீலியில் அடைந்த குப்பையை எடுப்பேன். சரிந்த, உடைந்த ஓட்டை அன்றே மாற்றுவேன். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்து பூச விடமாட்டேன். உள்ளே போன ஈரம் வெளியே வர முடியாமல் செங்கல் உதிரும் என்பது நல்ல மேசன் பாஸ்மாருக்குத் தெரியும். பழைய மின்சாரக் கம்பிகளைச் சோதிப்பேன். மரத்தளமும் துணியும் உள்ள கடையில் பழைய கம்பியைவிடப் பெரிய எதிரி இல்லை. இந்த நான்குக்கும் சேர்த்து ஆகும் செலவு, முகப்புக்கு அலுமினியத் தகடு அடிக்கும் செலவில் ஒரு சிறு பகுதிதான்.

இன்னொரு பயமும் எம்மவரிடம் உண்டு. 'புனித நகரம், மரபுரிமை என்று சொல்லி ஒருநாள் எம்மை எழுப்பிவிடுவார்களோ' என்று மெதுவாகப் பேசிக்கொள்கிறோம். பயந்து மறைந்திருப்பதால் உரிமை பலப்படாது. உறுதி, குத்தகைப் பத்திரம், வரி ரசீது, கட்டடத்தின் அளவுப் படம் எல்லாம் ஒரு கோப்பில் இருந்து, கட்டடமும் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டிருந்தால், இந்த நகரின் மரபுரிமையில் நாமும் ஒரு பங்கு என்று தலை நிமிர்ந்து சொல்லலாம். இடிந்து கிடக்கும் கடையைக் காட்டி அதைச் சொல்ல முடியாது.

போகம்பறைச் சிறைச்சாலை 1876 இல் கட்டப்பட்டது. 2014 இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றிய பிறகு, அந்தக் கட்டடத்தை என்ன செய்வது என்று நாடே பேசியது. எமது கடைகளுக்காக யாரும் அப்படிப் பேசப்போவதில்லை. பேச வேண்டியவர்கள் வாடகைக்காரரும் சொந்தக்காரரும்தான். ஐப்பசி மழைக்கு முன் உங்கள் சொந்தக்காரரை ஒருமுறை கடைக்கு அழையுங்கள். ஒரு பிளேன்டீ கொடுத்து உட்காரவைத்து, கூரையைக் காட்டி, கணக்கைத் தாளில் எழுதிப் பேசுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் அடுத்த நாளே நொத்தாரிசிடம் போங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பீலியைச் சுத்தம் செய்ய அவருடைய அனுமதி தேவையில்லை.